ஒட்டுவது சுலபம்... எடுப்பதுதான் வித்தை!

புதுசாக ஒரு எவர்சில்வர் டபரா வாங்கி வருகிறீர்கள். அடியில் விலை எழுதின ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டுகிறீர்கள். மேல் காகிதம் மட்டும் நார் நாராக உரிந்து வருகிறது. பசை? 'நான் இங்கேதான் இருப்பேன்' என்று பிசுபிசுவென உட்கார்ந்துகொள்கிறது. கம்பி நாரால் தேய்த்தால் டபரா முழுக்கக் கீறல்! கடைசியில் வீட்டுப் பெரியவர் ஒருவர், 'ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையேன்!' என்கிறார். பத்து நிமிஷத்தில் பசை இளகி, வழித்துக்கொண்டு வந்துவிடுகிறது!

டபராவுக்கு இது சரி. கீறல் விழுந்தாலும் காபி ஆறாமலா போய்விடும்? ஆனால், அதே மாதிரி ஒரு ஸ்டிக்கர், 40 வருஷப் பழசான ஒரு ஜப்பானியப் பிளாஸ்டிக் பொம்மையின் நெஞ்சில் கோணலாக ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். பிளாஸ்டிக்கும் கீறக்கூடாது, ஸ்டிக்கரும் கிழியக்கூடாது. எடுத்த ஸ்டிக்கரையே நேராகத் திரும்ப ஒட்டவும் வேண்டும். கை நடுங்குமா, நடுங்காதா?

உலகம் பூராவும் பழைய பொம்மைகளைச் சேகரிக்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற காரியம் இது. 'பொம்மைக்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா?' என்று சிரிக்காதீர்கள். சேதமில்லாமல் ஒட்டி எடுக்கிற இந்தச் சமாசாரத்துக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது. அதில் கார் பெயின்டர்கள் வருகிறார்கள், காதலியிடம் கடன் வாங்கின இளைஞர் வருகிறார், ஏன்... பைபிள் காலத்துத் தோல் சுருள்கள்கூட வருகின்றன!

*

1920-களின் அமெரிக்கா. இரண்டு கலர் அடித்த கார்தான் அன்றைய ஃபேஷன். மேல் பாதி ஒரு நிறம், கீழ்ப் பாதி வேறு நிறம். முதல் நிறம் அடித்த இடத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, இரண்டாவது நிறம் அடிப்பார்கள். பிறகு காகிதத்தைப் பிய்த்தால்... கூடவே முதல் பெயின்ட்டும் பெயர்ந்துகொண்டு வந்துவிடும்! ஒர்க்ஷாப்பில் கெட்ட வார்த்தைகளாகப் பறக்கும்.

அந்த வசவுகளைக் காது கொடுத்துக் கேட்டவர் ரிச்சர்ட் ட்ரூ. மினசோட்டா மாநிலத்தில் உப்புத்தாள் தயாரித்துக்கொண்டிருந்த 3எம் கம்பெனியின் ஊழியர். இன்ஜினீயரிங் படிப்பைப் பாதியில் விட்டவர், பாஞ்ஜோ வாசிக்கிறவர்! உப்புத்தாளைச் சோதித்துப் பார்க்க 1923-ல் பெயின்ட் ஒர்க்ஷாப்புக்குப் போன ட்ரூ, 'பெயின்ட்டைப் பெயர்க்காமல் உரிந்து வருகிற டேப் ஒன்றை நான் செய்து தருகிறேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். 1925-ல் 'மாஸ்க்கிங் டேப்' பிறந்தது. 1930-ல் கண்ணாடி மாதிரியான செல்லோஃபேன் டேப்பும் அவர் கையிலிருந்தே வந்தது.

கவனித்தீர்களா? கெட்டியாக ஒட்டுவதற்குப் பசை எத்தனையோ காலமாக மனிதனிடம் இருக்கிறது. மரப்பிசின் இருந்தது, வஜ்ரம் இருந்தது, கூழ் இருந்தது. ட்ரூ கண்டுபிடித்தது ஒட்டுவதற்கு இல்லை... உரிப்பதற்கு!

பத்து வருஷம் கழித்து, 1935. லாஸ் ஏஞ்சலஸ் நகரம். ஸ்டான்டன் ஏவரி என்ற இளைஞர். அப்போதெல்லாம் கடைகளில் விலைச்சீட்டு ஒட்டுவதென்றால் நாக்கில் நனைத்து, தபால் தலை மாதிரி ஒட்டுவார்கள். எடுக்க வேண்டுமானால் ஊறவைத்துச் சுரண்ட வேண்டும். வாங்கின பொருளின் அழகே போய்விடும். ஏவரி, தன் வருங்கால மனைவி டோரதியிடம் 100 டாலர் கடன் வாங்கினார். வாஷிங்மெஷின் மோட்டார், தையல் மெஷின் பாகங்கள், ஒரு ரம்பம் எல்லாவற்றையும் கோத்து ஒரு மெஷின் செய்தார். அதிலிருந்து வெளியே வந்ததுதான், பின்பக்கக் காகிதத்திலிருந்து உரித்து அப்படியே ஒட்டுகிற, இன்றைய ஸ்டிக்கரின் மூதாதை!

அதற்கு அவர் வைத்த பெயரைக் கேளுங்கள்... 'கம் க்ளீன்'! 'சுத்தமாக உரிந்து வா' என்று அர்த்தம். ஆக, ஸ்டிக்கர் பிறக்கும்போதே அதன் பெயரில் இருந்தது ஒட்டுவது அல்ல, சேதமில்லாமல் விலகுவது. நம் வீட்டுப் பெண்கள் ராத்திரி கண்ணாடியில் ஒட்டிவிட்டு, காலையில் எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்கிற ஸ்டிக்கர் பொட்டு இருக்கிறதே... ஏவரி பார்த்திருந்தால் மகிழ்ந்துபோயிருப்பார்!

*

ஆனால், எல்லாப் பசையும் ஸ்டிக்கர் பொட்டு மாதிரி சமர்த்தாக நடந்துகொள்வதில்லை. அதற்கு ஒரு பெரிய உதாரணம் ஜெருசலேமில் இருக்கிறது.

1947-ல் சாக்கடல் ஓரத்துக் குகைகளில் 2,000 வருஷப் பழமையான தோல் சுருள்கள் கிடைக்க ஆரம்பித்தன. பைபிளின் பழைய ஏற்பாட்டுப் பிரதிகளில் மிகப் பழையவை அவற்றில் இருந்தன. ஆயிரக்கணக்கான துண்டுகளாக நொறுங்கிக் கிடந்தன அவை. 1950-களில் அறிஞர்கள் உட்கார்ந்து, ஜிக்ஸா புதிர் மாதிரி துண்டுகளைச் சேர்த்தார்கள். சேர்த்த துண்டுகள் கலைந்துவிடக்கூடாதே... எதை வைத்து ஒட்டினார்கள் தெரியுமா?

சாதாரண செல்லோஃபேன் டேப்!

அவர்களைத் திட்டாதீர்கள். அன்றைக்கு அது புதுமையான, சௌகரியமான பொருள். வருஷங்கள் ஓடின. பசை கசிந்து தோலுக்குள் இறங்கியது. ஓரங்கள் கறுத்தன. இரண்டாயிரம் வருஷம் பாலைவனக் குகையில் தாக்குப்பிடித்த எழுத்துகளுக்கு, சில பத்து வருஷ டேப் எமனாக வந்தது! 1991-ல் இஸ்ரேல் தொல்லியல் துறை இதற்கென்றே ஒரு தனிப் பரிசோதனைக்கூடம் அமைத்தது. அங்கே நிபுணர்கள், அந்தப் பழைய டேப்பையும் பசைக் கறையையும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எடுக்கும் வேலையில் இறங்கினார்கள். ஒட்டுவதற்கு ஒரு நொடி... எடுப்பதற்குப் பல வருஷம்!

பழைய பொருளைக் காப்பாற்றுகிறவர்கள் இதிலிருந்து கற்ற பாடம்: 'இன்று நீ செய்கிற ரிப்பேரை, நாளை இன்னொருவர் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடியவேண்டும்.' இந்த ஒரு வாக்கியத்தை மனசில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைக்கும் இதுதான் சட்டம்!

*

சரி, பொம்மைக்கு வருவோம்.

2007-ல் வெளியான 'ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். லாரி 'கடகட'வென்று மடிந்து விரிந்து, ராட்சத ரோபோவாக எழுந்து நிற்குமே... அந்த ஆப்டிமஸ் ப்ரைம் பிறக்கும்போது அமெரிக்கக் குடிமகன் இல்லை. ஜப்பான்காரன்!

டகாரா என்ற ஜப்பானியக் கம்பெனி 1980-ல் 'டயாக்ளோன்' என்ற வரிசையைக் கொண்டுவந்தது. காரும் லாரியும் ரோபோவாக மாறும். அந்த ரோபோக்களுக்கு உயிர் கிடையாது. உள்ளே சின்னஞ்சிறு மனிதர்கள் உட்கார்ந்து ஓட்டுவார்கள், அவ்வளவுதான். அதே கம்பெனி 1983-ல் 'மைக்ரோ சேஞ்ச்' என்று இன்னொரு வரிசையும் போட்டது. அதில் துப்பாக்கியும் டேப்ரெக்கார்டரும் ரோபோவாக மாறின.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி இவற்றை வாங்கி விற்க விரும்பியது. இரு கம்பெனிக்கும் நடுவே பாலம் போட்டவராகச் சொல்லப்படுகிறவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். போலந்தில் பிறந்த யூதர். ஹிட்லரின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பி, அமெரிக்காவுக்கு வந்து பொம்மைக் கண்டுபிடிப்பாளர் ஆனவர். 2021-ல்தான் காலமானார்.

பொம்மை ரெடி. கதை? மார்வெல் காமிக்ஸ் ஆட்களைக் கூப்பிட்டார்கள். வேற்றுக் கிரகத்து இயந்திர இனம், அதில் நல்லவர்கள் 'ஆட்டோபாட்'கள், கெட்டவர்கள் 'டிசெப்டிகான்'கள், இருவருக்கும் தீராத யுத்தம் என்று கதை தயாரானது. எந்த ரோபோ எந்தக் கட்சி என்று குழந்தைகளுக்கு எப்படித் தெரியும்? சிவப்பு முகம் போட்ட சின்னம் ஆட்டோபாட். ஊதா முகம் டிசெப்டிகான். அந்தச் சின்னம் பொம்மைமேல் ஏறியது ஸ்டிக்கர் வடிவத்தில்!

இப்போது யோசித்துப் பாருங்கள். அதே அச்சு, அதே பிளாஸ்டிக். டோக்கியோவில் அது டிரைவர் ஓட்டுகிற வெறும் இயந்திரம். 1984-ல் அமெரிக்கக் கடையில், விரல் நகம் அளவுள்ள ஒரு சின்னத்தோடு, பெயரும் கட்சியும் பேச்சும் உள்ள வீரன். அந்த ஸ்டிக்கர் வெறும் அலங்காரம் இல்லை... அதுதான் அந்தப் பொம்மையின் பாஸ்போர்ட்!

1985-ல் ஹாஸ்ப்ரோ இன்னொரு வித்தை காட்டியது. ரோபோ பொம்மைகளுக்கு மவுசு கூடியதால் சந்தையில் ஏகப்பட்ட போட்டி, ஏகப்பட்ட நகல். 'எங்கள் சரக்கு அசல்' என்று நிரூபிக்க, பொம்மையில் கறுப்பாக ஒரு குட்டி ஸ்டிக்கரைப் பதித்தார்கள். விரலை வைத்துத் தேய்த்தால், உடம்புச் சூட்டில் உள்ளே மறைந்திருக்கும் சின்னம் மெல்லத் தெரியும்! ஆட்டோபாட்டா, டிசெப்டிகானா என்று தேய்த்துப் பார்த்தால்தான் புரியும். வெப்பத்துக்கு நிறம் மாறும் பொருள் உள்ளே இருந்ததுதான் ரகசியம்.

பெட்டிக்குள் இன்னொரு தாளும் இருக்கும். அதில் வரிசையாக ஸ்டிக்கர்கள். எந்த நம்பரை எங்கே ஒட்டுவது என்று படம் போட்டிருப்பார்கள். ஒட்டவேண்டிய இன்ஜினீயர் யார்? ஏழு வயசுப் பையன்! பிறகு நேராகவா இருக்கும்? ஹெட்லைட் கதவில் இருக்கும், கதவுக்கோடு காற்றில் தொங்கும். ஏழு வயசில் கோணலாக ஒட்டியதை ஐம்பதை நெருங்கும்போது நேராக்கப் பார்க்கிறார்கள்... இன்றைய சேகரிப்பாளர்களில் பலருடைய கதை இதுதான்.

இந்த இடத்தில் ரூபிக் க்யூபை மறக்க முடியுமா? ஹங்கேரிப் பேராசிரியர் எர்னோ ரூபிக் 1974-ல் கண்டுபிடித்த க்யூபில் 54 வண்ணச் சதுரங்கள். சேர்க்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? சத்தமில்லாமல் ஸ்டிக்கரைப் பிய்த்து மாற்றி ஒட்டிவிட்டு, 'பார்த்தாயா!' என்று காலரைத் தூக்கிக்கொண்டார்கள். (நீங்களும்தானே?) இதில் ஒரு வேடிக்கை... நாலைந்து ஸ்டிக்கரை இஷ்டத்துக்கு மாற்றி ஒட்டிவிட்டால், பெரும்பாலும் அந்தக் க்யூபை அதற்கப்புறம் முறைப்படி யாராலும் சேர்க்கவே முடியாது. பொய்க்கு அதுவே வைத்துக்கொண்ட தண்டனை!

*

இனி, வித்தைக்கு வருவோம். பழைய ஸ்டிக்கரை எடுப்பது எப்படி?

முதலில் எதிரியைப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்டிக்கர் பசை திடமும் இல்லை, திரவமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே. அழுத்தினால் மெல்லப் பரவி, கண்ணுக்குத் தெரியாத குழிகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும். வேகமாக இழுத்தால் முரண்டு பிடிக்கும், நிதானமாக இழுத்தால் இறங்கி வரும். அந்த முரண்டு எத்தனை தெரியுமா? 2008-ல் கலிஃபோர்னியா விஞ்ஞானிகள் வெற்றிடத்தில் வைத்து ஒரு டேப்பை உரித்தார்கள். எக்ஸ்ரே கிளம்பியது! அதை வைத்து ஒரு விரலின் எலும்பையே படம் எடுத்தார்கள்! (நம் வீட்டில் காற்று இருப்பதால் பயப்பட வேண்டாம்.)

ஆகவே, முதல் விதி... அவசரம் கூடாது. பொம்மையை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்டிக்கர் எங்கே இருந்தது என்பது நாளைக்கு மறந்துபோகும்.

இரண்டாவது, அது ஸ்டிக்கர்தானா என்று பாருங்கள். சில சின்னங்கள் பிளாஸ்டிக்மேலேயே அச்சடித்தவை. அதைச் சுரண்டினால் போயே போச்சு!

மூன்றாவது, இளஞ்சூடு. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, தள்ளிப் பிடித்து, சில நொடிகள் காட்டினால் பசை இளகும். உங்கள் விரல் தாங்குகிற சூடுதான் பொம்மைக்கும் அளவு. தேய்த்தால் சின்னம் தெரிகிற அந்தக் கறுப்பு ஸ்டிக்கருக்கு மட்டும் சூடும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். இரண்டுமே அதன் உயிரை எடுத்துவிடும்.

நான்காவது, பிளேடு கூடாது. பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூல் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். ஒரு மூலையை மரப் பல்குச்சியால் மெல்லக் கிளப்பிவிட்டு, நூலை அடியில் கொடுத்து, ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே போங்கள். ஸ்டிக்கரை மடக்காதீர்கள். பளபளக்கும் ஜிகினா ஸ்டிக்கரில் ஒரு மடிப்பு விழுந்தால், அது ஆயுசுக்கும் போகாது.

எடுத்ததை எங்கே வைப்பது? புது ஸ்டிக்கர் தாளின் பின்பக்கம் வழவழவென்று ஒரு காகிதம் இருக்குமே... அதன்மேல். அதில் எதுவும் அழுத்தமாகப் பிடிக்காது.

ஐந்தாவது, மிச்சப் பசை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நெயில்பாலிஷ் ரிமூவர்? வேண்டவே வேண்டாம்! அதில் அசிட்டோன் இருந்தால், 'ஏபிஎஸ்' என்கிற பொம்மைப் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். தின்னரும் அப்படித்தான். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த கறை நீக்கிகள்கூடச் சில பிளாஸ்டிக்குக்கு ஆகாது. ஆரஞ்சுத் தோலைத் தெர்மாகோல்மேல் பிழிந்தால் குழி விழுவதைக் குழந்தைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்!

நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயே போதும். ஒரு சொட்டுத் தடவி, ஊறவிட்டு, விரலால் உருட்டி எடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப ஒட்டாது. எண்ணெய், பொம்மை உடம்பில் மட்டும். காகித ஸ்டிக்கரில் பட்டால் பஜ்ஜி மடித்த பேப்பர் கதிதான்! குரோம் பூச்சு உள்ள பாகத்தைத் தேய்க்காதீர்கள், பூச்சு காகிதத்தைவிட மெல்லிசு. கண்ணாடி மாதிரியான பாகங்களில் ஸ்பிரிட் வகையறாக்கள் பட்டால் மயிர்க்கோடு மாதிரி விரிசல் விழலாம்.

கடைசியாக, திரும்ப ஒட்டுவது. பிளாஸ்டிக் ஸ்டிக்கர் என்றால், பொம்மைமேல் ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர். ஸ்டிக்கர் வழுக்கிக்கொண்டே நகரும், நேராக வைத்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் துணியால் ஒற்றி வெளியேற்றுங்கள். காகித ஸ்டிக்கருக்குத் தண்ணீரே கூடாது. இடுக்கியால் பிடித்து, உலர்வாகவே வையுங்கள். பழைய பசை செத்துப்போயிருந்தால், பின்னால் திரும்ப எடுக்க முடிகிற பசையைத் துளியூண்டு தடவுங்கள். ஒட்டினால் உரியவே உரியாத சூப்பர் பசைகள் இங்கே பரம எதிரி. சாக்கடல் சுருளை நினைத்துக்கொள்ளுங்கள்!

*

எல்லாம் சரி... எடுக்கத் தெரிந்துவிட்டது என்பதற்காக எடுத்துவிடலாமா?

வெயில்பட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் வருஷம் ஆக ஆக மஞ்சளாகும். ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கிற இடம் மட்டும் அன்றைய வெள்ளையாகவே இருக்கும். வாட்ச்சைக் கழற்றினால் மணிக்கட்டில் தெரிகிற பட்டை மாதிரி! கோணலாக இருந்த ஸ்டிக்கரை நேராக்கினால், பழைய கோணல் பளிச்சென்று அடியிலிருந்து எட்டிப்பார்க்கும். மறைக்க நினைத்ததே காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. பழைய ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து, அச்சு அசலாகப் புதுசு அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. உரிந்துபோன பொம்மைக்கு அது புது உடுப்பு. ஆனால், அதை ஒட்டிவிட்டு '1984-ன் ஒரிஜினல்' என்று விற்றால்? ஒரே அச்சில் இரண்டு நாட்டுப் பொம்மை வந்திருக்கும்போது, எது எது என்று சொல்ல உதவுகிற சாட்சிகளில் ஒன்று அந்தச் சின்னம். சாட்சியை மாற்றினால் சரித்திரம் மாறிப்போகும்.

இத்தாலியில் செசாரே பிராண்டி என்று ஓர் அறிஞர். ரோம் நகரில் 1939-ல் பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் மத்தியக் கழகத்தின் முதல் தலைவர். 1963-ல் வெளியான அவருடைய நூலில் இதற்கு ஒரு விதி சொன்னார். அதன் சாரம்: சீர்செய்த இடம் தூரத்திலிருந்து பார்த்தால் உறுத்தக்கூடாது. கிட்டத்தில் வந்து பார்த்தால் 'இது பிற்பாடு செய்தது' என்று தெரியவும் வேண்டும். அழகும் வேண்டும், நேர்மையும் வேண்டும்!

தேவாலய ஓவியத்துக்குச் சொன்னது, உள்ளங்கை அளவு பொம்மைக்கும் பொருந்துகிறதா, இல்லையா? மாற்றின ஸ்டிக்கரை 'மாற்றினேன்' என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். எடுத்த பழசைத் தூக்கி எறியாமல் ஒரு உறையில் வையுங்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் உள்ள விளையாட்டு அருங்காட்சியகம், 2024-ல் தன் பொம்மைப் புகழரங்கத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸை ஏற்றிவிட்டது. நேற்றைய விளையாட்டுச் சாமான், இன்றைக்குச் சரித்திரம்!

அந்தக் கோணல் ஸ்டிக்கரை இன்னொரு தடவை பாருங்கள். 1984-ல் ஏதோ ஒரு ஊரில், நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பொடியன் அதை ஒட்டியிருக்கிறான். அது கோணல் இல்லை சார்... கையெழுத்து! உரிந்து விழப்போகிறதென்றால் தாராளமாகக் காப்பாற்றுங்கள். வெறும் கோணல்தான் என்றால்... விட்டுவிடுங்களேன்!